பழைய கொட்டாய்க்கு ஒரு சின்ன ப்ரொஜெக்டரும் ப்ளூரே டிஸ்க்கும் போதுமா?

குடியாத்தம்_பேரன் | சனி, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் எங்கள் தாத்தா கட்டிய சினிமா கொட்டாய் ஒன்று இருக்கிறது. முதலில் கீற்று, பிறகு சிமென்ட் ஷீட். ரீல் பெட்டி வருவது நின்றபோது டிஜிட்டலுக்கு மாறக் கையில் பணம் இல்லை, மூடிவிட்டோம். இப்போது அது லுங்கி குடோன். மாதாமாதம் வாடகை வருகிறது, வீட்டில் யாருக்கும் குறை இல்லை, என்னைத் தவிர.

போன வாரம் வீட்டு ப்ரொஜெக்டரையும் (1080பி, வெளிச்சம் 3500 லுமென்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கிறது) ஒரு ப்ளூரே பிளேயரையும் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். கேபின் ஜன்னலில் வைத்துப் போட்டால் படம் திரையை விட்டு இரண்டு பக்கச் சுவரிலும் ஏறி, கூரையையும் தொட்டது. கேபினிலிருந்து திரைக்கு 95 அடி. சரி என்று கீழே இறங்கி, லுங்கிக் கட்டுகளை அடுக்கி அதன் மேல் வைத்து, முன்னால் முன்னால் நகர்த்திக்கொண்டே வந்தேன். 45 அடிக்கு வந்தபிறகுதான் 30 அடித் திரைக்குள் படம் அடங்கியது.

தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. அந்தத் திரையில் நான் சின்ன வயதில் பார்த்த எந்தப் படமும் அவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. ஆனால் மங்கல். ராத்திரிக் காட்சி வந்தால் பேசுவது ஹீரோவா வில்லனா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

120 நாற்காலி போதும். சனி, ஞாயிறு மட்டும். பழைய படங்கள். டிக்கெட் 50 ரூபாய்க்குள். இதற்குப் பெரிய கம்பெனி மெஷின் தேவையா, இல்லை ஒரு நல்ல ப்ரொஜெக்டரும் டிஸ்க்கும் வைத்து ஒப்பேற்றலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஆம்பூர்_பாய் | சனி, இரவு 10.58

டிக்கெட் எடுத்தால் லுங்கி இலவசமா?

---

லுமென்ஸ்_கணக்கு | சனி, இரவு 11.35

காட்பாடியில் இருக்கிறேன். கல்யாண மண்டபம், காலேஜ் விழாக்களுக்கு ப்ரொஜெக்டர் வாடகைக்கு விடுவதுதான் தொழில். உங்கள் மங்கலுக்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

டிஜிட்டல் சினிமாவுக்குத் திரையில் இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரண வெள்ளைத் திரை என்றால் ஒரு சதுர அடிக்கு 14 லுமென்ஸ் விழ வேண்டும், அவ்வளவுதான். உங்கள் திரை 30 அடி அகலம். ஸ்கோப் என்கிற அகலப் படத்துக்கு உயரம் பன்னிரண்டரை அடி. மொத்தம் சுமார் 377 சதுர அடி. 14ஆல் பெருக்கினால் 5270 லுமென்ஸ்.

இதோடு முடியவில்லை. வீட்டு ப்ரொஜெக்டரின் சில்லு 16க்கு 9 வடிவம். ஸ்கோப் படம் ஓடும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது அல்லவா, அந்தப் பட்டைக்கும் சேர்த்துத்தான் லாம்பு எரிகிறது. 100க்கு 74 பங்கு வெளிச்சம்தான் படத்துக்குப் போகும். ஆக உங்களுக்கு வேண்டியது 7000 லுமென்ஸுக்கு மேல். கையில் இருப்பது 3500. அதுவும் படம் பச்சையடிக்கிற பிரைட் மோடில். சினிமா மோடில் வைத்தால் அதில் ஒரு பெரிய பங்கு போய்விடும். லாம்பு பழசானால் கேட்கவே வேண்டாம்.

திரையை 20 அடியாகக் குறையுங்கள். பரப்பு 167 சதுர அடிதான். பட்டைக் கழிவையும் சேர்த்து 3150 லுமென்ஸ் போதும். கையிருப்பு வேண்டும் என்பதால் 5000, 6000 லுமென்ஸ் உள்ளதாக வாங்குங்கள். 120 பேருக்கு 20 அடித் திரை சின்னது இல்லை.

டிஸ்க் போதுமா என்கிற கேள்விக்கு: பெரிய தியேட்டரில் ஓடுகிற 2கே படத்தின் அகலம் 2048 புள்ளி. ப்ளூரே 1920. வித்தியாசம் 128 புள்ளி. 20 அடித் திரையில் ப்ளூரேயின் ஒரு புள்ளி ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரும். நல்ல கண் உள்ளவர்கூட 36 அடி தள்ளி உட்கார்ந்தால் புள்ளியைப் பிரித்துப் பார்க்க முடியாது. முன்வரிசைக்காரர் பார்க்கலாம், ஆனால் அவர் படம் பார்க்க வந்தவர்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தியேட்டர் சர்வரில் ஓடும் படம் ஒரு நொடிக்கு 250 மெகாபிட் வரை போகும், நிறம் 12 பிட். ப்ளூரேயில் படத்துக்கு 40 மெகாபிட்தான் உச்சம், நிறம் 8 பிட். சாயங்கால வானம், புகை, மூடுபனி மாதிரி காட்சிகளில் படி படியாக வரி தெரியும். அதைத் தவிர, சனிக்கிழமை ராத்திரி 50 ரூபாய் கொடுத்து வருகிறவர் குறை சொல்ல ஒன்றும் இருக்காது.

---

குடியாத்தம்_பேரன் | ஞாயிறு, காலை 6.20

அண்ணே, ராத்திரி தூங்கவில்லை. 20 அடி என்று டேப் வைத்து வீட்டுச் சுவரில் அளந்து பார்த்தேன். பரவாயில்லை என்றுதான் தோன்றுகிறது.

லாம்பா, லேசரா? இணையத்தில் 9000 லுமென்ஸ் 12 ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிறதே, அது எப்படி?

---

லுமென்ஸ்_கணக்கு | ஞாயிறு, காலை 9.05

அது பொம்மை. பெட்டியில் 9000 என்று இருக்கும், முறைப்படி அளந்த ஆன்சி லுமென்ஸ் எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. '1080பி சப்போர்ட்' என்று போட்டிருந்தால் உள்ளே வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம், அப்படியே காட்டும் என்று அர்த்தம் இல்லை. நேட்டிவ், அதாவது அது உண்மையில் காட்டுகிற புள்ளி, எவ்வளவு என்று பாருங்கள்.

வாரத்துக்கு 2 நாள், நாளுக்கு 3 காட்சி, காட்சிக்கு 3 மணி நேரம் என்றால் 18 மணி நேரம். சாதாரண லாம்பு 3000 மணி நேரம் என்று வைத்தாலும் 3 வருடம் தாண்டும். லேசர் 20,000 மணி நேரம் என்பார்கள், பாதி வெளிச்சமாகக் குறையும் வரை. உங்கள் கணக்குக்கு 21 வருடம். அதற்குள் அதன் சர்க்யூட் போர்டு போய்விடும். உங்கள் ஓட்டத்துக்கு லாம்பே போதும், காசு மிச்சம். தினம் 4 காட்சி ஓட்டுகிற இடமாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

முக்கியமான விஷயம், லுங்கி குடோன் என்றீர்கள். பஞ்சுத் தூசி. மூன்று எல்சிடி உள்ள ப்ரொஜெக்டரில் தூசி உள்ளே போய்ப் பேனலில் உட்கார்ந்தால் திரையில் பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு மங்கல் திட்டு வந்து நிற்கும், எந்தப் படம் போட்டாலும் போகாது. மூன்று வருடத்துக்கு முன்னால் நூல் கிடங்கு ஒன்றில் நடந்த விழாவுக்கு ஒன்றை அனுப்பிவிட்டு, திரும்பி வந்தபோது ஃபில்டரைக் கழற்றினேன். பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது. ஒரே சில்லு உள்ள டிஎல்பி வகை ப்ரொஜெக்டரில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதில் நிறச் சக்கரம் சுற்றுவதால் சிலருக்கு வெளிச்சமான ஓரங்களில் வானவில் மின்னும். எனக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும், தலைவலி என்பாள்.

---

கார்பன்_குச்சி | ஞாயிறு, மாலை 4.15

தம்பி, ஆற்காட்டிலிருந்து எழுதுகிறேன். 31 வருடம் ஆபரேட்டர். கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் தருகிற மெஷினில் ஆரம்பித்து, செனான் லாம்பு வந்து, டிஜிட்டல் வந்தபிறகு வெளியே வந்தேன். பேத்திதான் இதைத் தட்டச்சு செய்கிறாள், தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

டிஸ்க் என்றால் ஏதோ தியேட்டருக்குச் சம்பந்தமில்லாத சாமான் மாதிரி பேசுகிறார்கள். டிடிஎஸ் 1993இல் வந்தபோது சத்தமே டிஸ்க்கில்தான் வந்தது. ரீல் பெட்டியோடு ஒரு சின்ன உறையில் சிடி வரும். ஃபிலிமின் ஓரத்தில் கோடு கோடாக நேரக் குறி அச்சாகியிருக்கும், மெஷின் அதைப் படித்து சிடியை அதோடு சேர்ந்து ஓட்டும். பெட்டி வந்து சிடி வராத நாட்களும் உண்டு. அன்றைக்கு ஃபிலிமிலேயே அச்சான பழைய ஆப்டிகல் சத்தம்தான், ஜனங்கள் சீட்டைக் கிழிப்பார்கள்.

தெளிவைப் பற்றிச் சொன்னாயே. உண்மை. ஏனென்றால் எங்களுக்கு வந்த பிரிண்ட் அப்படி. நாங்கள் சி சென்டர், படம் கடைசியாக வருகிற சின்ன ஊர். ஏ சென்டரில் ஐம்பது நாள், பி சென்டரில் ஒரு மாதம் ஓடிவிட்டு எங்களிடம் வரும்போது கீறல் விழுந்து படம் முழுக்க மழை பெய்யும். ரீலின் முனைகளில் ஒட்டு மேல் ஒட்டு. 14 ரீல் படம் என்றால் 12 ரீல் நேரத்தில் முடிந்துவிடும், நடுவில் யார் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்கில் அந்தப் பிரச்சினை இல்லை, முதல் நாளும் நூறாவது நாளும் ஒன்றுதான். கீறல் விழாமல் வைத்துக்கொள். ஓரத்தைப் பிடி, நடுவில் விரல் வைக்காதே. இதை உனக்குச் சொல்லவில்லை, நீ வேலைக்கு வைக்கப்போகிற பையனுக்குச் சொல்கிறேன்.

மங்கலுக்கு லுமென்ஸ் சார் சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டு. இருட்டு இருந்தால்தான் வெளிச்சம் தெரியும். அப்புறம் ஷீட்டில் இருக்கிற ஆணி ஓட்டைகளை எல்லாம் அடை. மேட்னியில் அந்த ஓட்டை வழியாக வெயில் திரையில் வட்டம் வட்டமாக விழும். ஓட்டை சதுரமாக இருந்தாலும் வட்டமாகத்தான் விழும், அது சூரியனின் உருவம். எங்கள் கொட்டாயில் ஒரு வட்டம் சரியாக இரண்டே முக்கால் மணிக்குக் கதாநாயகி நெற்றிக்கு வரும். ஜனங்கள் விசில் அடிப்பார்கள்.

---

செதுவாலை_ரசிகன் | ஞாயிறு, மாலை 5.02

புதுப்படம் போட முடியுமா? அதைச் சொல்லுங்க முதலில். பழைய படம் டிவியில் தினம் வருது.

---

என்எஸ்சி_ஏரியா | ஞாயிறு, இரவு 8.30

எல்லோரும் வெளிச்சத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் விநியோகஸ்தர் ஆபீஸில் ரெப்பாக இருந்தவன். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்த ஏரியாவுக்குப் பெட்டியோடு போய், கணக்கு எழுதி, வசூலை வாங்கிக்கொண்டு வருவது வேலை. மாவட்டங்களை எத்தனை தடவை பிரித்தாலும் சினிமாக்காரனுக்கு இன்றைக்கும் இது என்எஸ்சிதான். 1989இல் திருவண்ணாமலை போனது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் போயின, எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு எழுத்து மாறவில்லை.

முதலில் புதுப்படம். கிடைக்காது. அது க்யூப், யுஎஃப்ஓ மாதிரி டிஜிட்டல் கம்பெனிகளின் சர்வரில் பூட்டிய கோப்பாக வருகிறது, எந்த மெஷினில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று சாவி தனியாக வரும். அந்த மெஷினுக்கான கட்டணத்தைத் தயாரிப்பாளர் தலையில் கட்டுகிறார்கள் என்றுதான் 2018 மார்ச் 1 முதல் ஒன்றரை மாதம் தமிழில் புதுப்படமே வராமல் நிறுத்தினார்கள். ஹாலிவுட் இன்னும் கறார். அவர்கள் சேர்ந்து 2005இல் போட்ட டிசிஐ விதிக்கு உட்பட்ட ப்ரொஜெக்டரும் சர்வரும் இல்லையென்றால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வீட்டு ப்ரொஜெக்டருக்கு அந்தக் கதவு திறக்காது.

பழைய படம். கடையில் வாங்கிய டிஸ்க்கில் நீங்கள் வாங்கியது டிஸ்க்கை. காசு வாங்கிக்கொண்டு நாலு பேருக்குக் காட்டும் உரிமையை இல்லை. 2023 சினிமா சட்டத் திருத்தத்துக்குப் பிறகு திருட்டுப் பிரதியைக் காசுக்குக் காட்டி மாட்டினால் 3 மாதத்திலிருந்து 3 வருடம், அபராதம் 3 லட்சத்தில் ஆரம்பம். அந்தப் படத்தின் ஏரியா உரிமையோ நெகட்டிவ் உரிமையோ இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, எத்தனை நாள், எந்த ஊர், எவ்வளவு பணம் என்று கடிதம் வாங்க வேண்டும். பழைய படத்தின் உரிமை நாலு கை மாறியிருக்கும். முதலாளி இருக்க மாட்டார், மகன்கள் மூன்று பேர் இருப்பார்கள், மூன்று பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

அப்புறம் வெளிநாட்டு டிஸ்க் ஒரு தனிச் சிக்கல். நம் ஊரில் சென்சார் சான்றிதழ் பெற்ற வடிவம் ஒன்று, டிஸ்க்கில் இருப்பது வேறு நீளம் என்றால் அதைப் பொதுமக்களுக்குக் காட்ட முடியாது.

கடைசியாக லைசென்ஸ். தியேட்டர்களுக்கான 1955 தமிழ்நாடு சட்டம் ரீலா டிஸ்க்கா என்று பார்க்காது. சி ஃபார்ம், அதாவது படம் காட்டுகிற லைசென்ஸ், வேண்டும். கட்டட உறுதிக்கு ஒரு சான்று, மின்சாரத்துக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று. தாத்தா காலத்து சி ஃபார்ம் காலாவதியாகியிருக்கும். அதைத் தேடி எடுங்கள், பழைய எண் இருந்தால் கலெக்டர் ஆபீஸில் பேசுவது சுலபம்.

---

செதுவாலை_ரசிகன் | ஞாயிறு, இரவு 8.41

பஸ்ஸில் பென்டிரைவ் சொருகி ராத்திரி பூரா ஓட்டுறான், அவனை யார் சார் கேட்டாங்க? ஏழைக்கு மட்டும்தான் சட்டமா?

---

என்எஸ்சி_ஏரியா | ஞாயிறு, இரவு 8.55

கேட்கவில்லை என்றால் சரி என்று ஆகிவிடாது தம்பி. பஸ் நகர்ந்துகொண்டிருக்கும். கொட்டாய் நகராது, வந்து பிடிப்பார்கள். இது ஒன்றும் புதுசும் இல்லை. வீட்டுக்கு டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ஊரே கூடி மூன்று படம் பார்த்த காலத்தில், விசிஆரில் படம் காட்டுவதற்கென்றே 1984இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள்.

---

ஆம்பூர்_பாய் | ஞாயிறு, இரவு 9.10

அந்த மூன்று படத்தில் மூன்றாவதை முழுசாகப் பார்த்தவன் எவனும் இல்லை. விடியற்காலையில் டெக்கும் தூங்கும், நாமும் தூங்குவோம்.

---

லண்டன்_வாலாஜா | திங்கள், அதிகாலை 2.48

வாலாஜாபேட்டைக்காரன், இங்கே இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இங்கே தியேட்டர் இல்லாத ஊர்களில் கிராம மண்டபத்தில் மாதம் ஒரு படம் போடுகிறார்கள். நானும் நாற்காலி போடுகிற குழுவில் உண்டு. எங்களிடம் இருப்பது ஒரு ப்ரொஜெக்டர், ஒரு ப்ளூரே பிளேயர், மடக்குத் திரை, இரண்டு ஸ்பீக்கர். கடை டிஸ்க்கேதான். ஆனால் ஃபில்ம்பேங்க்மீடியா என்கிற நிறுவனத்திடம் அந்த ஒரு காட்சிக்கு அனுமதி வாங்குவோம். டிக்கெட் விற்றால் ஒரு குறைந்தபட்சக் கட்டணம், அல்லது வசூலில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. தியேட்டரில் ஓடி முடிந்து சில மாதம் கழித்துத்தான் எங்களுக்குக் கிடைக்கும், யாரும் வருத்தப்படுவதில்லை.

நம் ஊரில் இப்படி ஒரே இடத்தில் போய்ப் பணம் கட்டி ரசீது வாங்க வழி இருந்தால் எத்தனையோ கொட்டாய் பிழைத்திருக்கும். டிஸ்க் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்க வந்தேன், ஆனால் இங்கே விற்பது ரீஜன் பி, இந்தியாவுக்கு ரீஜன் சி. சில டிஸ்க்கில் இந்தப் பூட்டு இருக்காது, சிலதில் இருக்கும். பார்த்து வாங்குங்கள்.

---

திரையிடல்_தோழர் | திங்கள், காலை 11.20

வேலூரில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தோம். உறுப்பினர்களுக்கு மட்டும், டிக்கெட் கிடையாது. குறும்படக்காரர்கள், ஆவணப்படக்காரர்கள் கடிதமும் டிஸ்க்கும் அவர்களே அனுப்புவார்கள். பெரும்பாலும் நன்றாகவே நடந்தது. நடக்காத ஒரு நாளைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

ஒரு ஏப்ரல் மாதம். மேல்மாடி ஹால். ஒரு தயாரிப்பாளரின் மகன் நேரில் வந்து தன் அப்பா படத்தைப் போட அனுமதி கொடுத்து, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் ஒன்றரை மணி நேரம் ஓடி, உச்சகட்டச் சண்டைக்கு முன்னால் கரண்டு போனது. ஜெனரேட்டர் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் லாம்பு சூடாக இருந்ததால் ப்ரொஜெக்டர் உடனே எரியவில்லை, விசிறி மட்டும் சுற்றியது. ஐந்து நிமிடம் இருட்டில் எல்லோரும் செல்போன் வெளிச்சத்தில் விசிறிக்கொண்டிருந்தோம். ஒருவழியாக எரிந்தது. பிளேயர் விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று நினைத்தோம். ப்ளூரேயில் பல டிஸ்க்குகள் அதைச் செய்யாது. முதலிலிருந்து ஆரம்பித்தது. முதலில் வந்தது, பத்தடி அகலத்தில், 'இந்த டிஸ்க் வீட்டில் தனிப்பட்ட முறையில் பார்ப்பதற்கு மட்டும்' என்கிற அறிவிப்பு. ரிமோட்டை அழுத்தினால் தாண்டவும் முடியாது. அனுமதி கொடுத்தவரே திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அதிலிருந்து மூன்று வழக்கம் வைத்துக்கொண்டோம். ப்ரொஜெக்டருக்கும் பிளேயருக்கும் யூபிஎஸ், விளக்கும் ஃபேனும் எப்படிப் போனாலும் போகட்டும். அந்தந்தக் காட்சி எந்த அத்தியாய எண் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பிளேயர் மேல் ஒட்டுவது. லென்ஸ் முன்னால் ஒரு அட்டை. மெனு, எச்சரிக்கை, பிளேயர் பச்சை நிறத்தில் 'பாஸ்' (நிறுத்தம்) என்று காட்டுவது எல்லாம் முடிந்து சென்சார் சான்றிதழ் வந்தபிறகுதான் அட்டையை எடுப்போம். இன்டர்வெல்லுக்கு மறுபடி அட்டை. அந்த ஒரு அட்டையால் அது தியேட்டர் மாதிரி ஆனது, நிஜமாகவே.

சப்டைட்டிலை முதலிலேயே அணைத்துவிடுங்கள். பிளேயரை 24 ஃப்ரேமில் வையுங்கள், 60இல் விட்டால் காமிரா பக்கவாட்டில் நகரும்போது படம் விக்கி விக்கிப் போகும்.

---

கார்பன்_குச்சி | திங்கள், மதியம் 1.05

அந்த அட்டைக்கு எங்கள் மெஷினில் டவுசர் என்று பெயர். சிரிக்காதீர்கள், அதுதான் பெயர். ரீல் மாற்றும்போது அதைத்தான் தூக்குவோம். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், அது வந்தால் இரண்டாவது மெஷினின் மோட்டாரைப் போடு. ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி, அப்போது மாற்று. 31 வருடம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதிப் படங்களில் கதை எனக்குத் தெரியாது.

---

குடியாத்தம்_பேரன் | வியாழன், இரவு 9.45

நடந்ததைச் சொல்கிறேன்.

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் சி ஃபார்ம் கிடைத்தது. அதோடு தாத்தா எழுதி வைத்த டிசிஆர் நோட்டு, தினசரி வசூல், பெஞ்சு எவ்வளவு, தரை எவ்வளவு என்று பைசா வரைக்கும்.

ப்ரொஜெக்டர் விஷயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 20 அடித் திரைக்குச் சாதாரண லென்ஸ் என்றால் 30 அடியிலிருந்து போட வேண்டும். அதாவது ஜனங்கள் தலைக்கு மேல், கூரையில் தொங்கவிட வேண்டும். சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே. இன்று மதியம் 2 மணிக்கு ஏணி போட்டு அந்த உயரத்தில் ஒரு வெப்பமானியைக் கட்டி வைத்துப் பார்த்தேன், 47 டிகிரி. ப்ரொஜெக்டர் கையேட்டில் 40க்கு மேல் ஓட்டாதே என்று இருக்கிறது. நம் வேலூர் வெயிலைப் பற்றி அந்தக் கையேடு எழுதினவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

கேபினிலேயே வைக்கலாம் என்றால் 95 அடி. தூரத்துக்கான லென்ஸ் தனியாக வாங்கினால் அது மட்டுமே ப்ரொஜெக்டர் விலையை நெருங்குகிறது.

---

லுமென்ஸ்_கணக்கு | வியாழன், இரவு 10.10

தொங்கவிடாதீர்கள். ஃபேன் ஓடினால் ஷீட் அதிரும், படமும் அதிரும். எச்டிஎம்ஐ கேபிளும் அந்த நீளத்துக்குச் சாதாரணமாகப் போதாது, ஆப்டிகல் கேபிள் வாங்க வேண்டியிருக்கும். நான் ஞாயிறு வந்து பார்க்கிறேன். ஆற்காடு ஐயா வருவாரா?

---

கார்பன்_குச்சி | வியாழன், இரவு 10.30

பஸ் ஏற்றிவிட்டால் வருகிறேன்.

---

குடியாத்தம்_பேரன் | ஞாயிறு, இரவு 11.15

இரண்டு பேரும் வந்தார்கள். ஐயா உள்ளே நுழைந்ததும் நேராகக் கேபினுக்கு ஏறினார். பழைய மெஷினைத் தாத்தா இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார், அது நின்ற இடத்தில் நான்கு போல்ட்டு மட்டும் தரையில் நிற்கிறது. அதைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"மெஷினை ஏன் தம்பி முன்னால கொண்டு போற? திரையைப் பின்னால கொண்டு வா."

அவ்வளவுதான். நானும் லுமென்ஸ் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேபினிலிருந்து 44 அடியில் ஒரு சுவர் எழுப்பி அதில் 20 அடிக்கு வெள்ளை அடித்தால், தூரத்துக்கும் அகலத்துக்கும் விகிதம் 2.2. அந்த எல்லை வரை ஜூம் உள்ள ப்ரொஜெக்டர் கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைக்கிறதாம். கேபினில் ஒரு சின்ன ஏசி போட்டால் தூசியும் இல்லை, சூடும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிச்சம் 51 அடி. அங்கே லுங்கி குடோன் அப்படியே இருக்கலாம், வாடகை கரண்டு பில்லுக்கு ஆகும்.

கேபின் ஜன்னல் உயரமாக இருப்பதால் படம் கீழே அகலமாக விழுந்தது. நான் ரிமோட்டில் கீஸ்டோன் அழுத்தப் போனேன், அண்ணன் கையைப் பிடித்துவிட்டார். அது புள்ளிகளை வீணாக்கிப் படத்தை நசுக்கிச் சரி செய்யுமாம். லென்ஸை மட்டும் மேலே கீழே நகர்த்துகிற லென்ஸ் ஷிஃப்ட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்கச் சொன்னார்.

---

என்எஸ்சி_ஏரியா | திங்கள், காலை 7.50

நல்ல யோசனை, ஆனால் ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் துணிக் கிடங்கு, மறுபக்கம் 120 பேர் என்றால் தீயணைப்பு அதிகாரி கையெழுத்துப் போட மாட்டார். நானாக இருந்தாலும் போட மாட்டேன். பிளைவுட் தடுப்பு எல்லாம் ஆகாது. செங்கல் சுவர், கூரை வரை, நடுவில் கதவு கிடையாது. குடோனுக்கு வழி அந்தத் தெருப் பக்கம் தனியாக. சினிமா பக்கம் இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சுவர் எழுப்புவதற்கு முன்னால் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டி, என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டியபிறகு இடிப்பது இரட்டைச் செலவு.

---

செதுவாலை_ரசிகன் | திங்கள், காலை 8.15

முதல் படம் என்ன?

---

குடியாத்தம்_பேரன் | திங்கள், இரவு 9.00

60களில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உரிமை உள்ளவரை என்எஸ்சி சாரே பிடித்துக் கொடுத்திருக்கிறார். மூன்று மகன்கள் கதைதான். இரண்டு பேர் சரி என்கிறார்கள். மூன்றாமவர் பெங்களூரில். கடிதம் கைக்கு வரும் வரை பெயரைச் சொல்ல மாட்டேன். படம் ஸ்கோப் இல்லை, கிட்டத்தட்ட சதுரம்தான், ஆகவே பக்கவாட்டில் பட்டை வரும். கறுப்புத் துணியைக் கயிறு கட்டி இழுக்கிற மாதிரி தைக்கச் சொல்லியிருக்கிறேன்.

---

குடியாத்தம்_பேரன் | 22 நாள் கழித்து, செவ்வாய், மாலை 6.30

வரைபடத்தில் ஒரு திருத்தம் சொல்லி ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இன்று கடைக்கால் தோண்டினோம். கொத்தனார் நூல் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார், "எந்தப் பக்கம் சினிமா, எந்தப் பக்கம் லுங்கின்னு சொல்லுங்க, ஒரு பக்கம்தான் நைஸ் பூச்சு பூசுவேன்."

---

கார்பன்_குச்சி | செவ்வாய், இரவு 7.10

பூசுகிற அன்றைக்கு நான் வருகிறேன். ஒரு பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தால்தான் மேடு பள்ளம் தெரியும், கொத்தனாருக்குத் தெரியாது. பெயிண்டு மேட்டாக வாங்கு. பளபளப்பு வேண்டாம், நடுவில் லாம்பு மாதிரி மின்னும். நன்றாகக் காயும் வரை வெள்ளை அடிக்காதே.